இருபத்திரண்டு

புசல்லாவையிலிருந்து வரும் காலைப் பஸ்ஸில்
மடியில் ஒரு ஷொப்பிங் பை.
கொண்டக்டர் கேட்டான்: "கீரையா?"
"இல்ல, வெட்டுக்காயப் பூண்டு."
"யாருக்கு வெட்டு?"
அதற்கு ஆராய்ச்சி முன்மொழிவில் பதில் இருந்தது,
பதினொரு பக்கம்.
கம்பளை வந்துவிட்டது.

பேராதனையில் வடிநீர்க் கருவி பழுது.
குழாயடியில் ஒருமுறை காட்டி எடுத்தேன்.
மலை இலைக்கு என்ன அழுக்கு?
நிழலில் உலர்த்தி, இடித்து,
எத்தனோலில் மூன்று நாள் ஊறவிட்டு
துணியில் பிழிந்தபோது
கரும்பச்சையாய் ஒரு சாறு.
மணம் மட்டும் கசிப்பு.

கிருமி கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.
யாரோ ஒருவருடைய கால் புண்.
பெயர் இல்லை, எண் உண்டு: 4117.
அகார் தட்டில் அதைப் பூசினேன்,
தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற கையால்.
சாற்றில் நனைத்த காகித வில்லைகளை வைத்தேன்.
முப்பத்தேழு பாகை, ஓர் இரவு.
உடம்பின் சூடு அது.
கிருமிக்கு வீட்டு நினைப்பு வரட்டும் என்று.

காலையில் தட்டெல்லாம் மஞ்சள் படலம்,
பீலிக் கல்லில் பாசி போல.
என் வில்லையைச் சுற்றி மட்டும்
எதுவும் இல்லை.
அவ்வளவு தெளிவான இல்லாமையை
நான் அதற்குமுன் பார்த்ததில்லை.
அளந்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ஜென்டமைசினுக்கே இருபத்துநான்குதான்.

ரணசிங்க சேர் கண்ணாடியைக் கழற்றினார்.
சந்தோஷத்துக்கும் சந்தேகத்துக்கும்
அவர் கழற்றுவது ஒரேமாதிரி.
"இன்னொருக்கா செய்ங்க."

அன்றிரவு கட்டுரைத் தலைப்பில்
என் பெயருக்கு முன்னால்
இன்ஷியல் ஒன்றா இரண்டா என்று யோசித்தபடி
வீட்டுக்குப் போன் எடுத்தேன்.
அருளாந்து மச்சான் எடுத்தான்.
தோட்டத்தில் மருந்தடிக்கிறவன்.

"எட்டாம் நம்பர் மல வரம்புலயா புடுங்குன?
அங்க செவ்வாக்கெழமதானே அடிச்சேன்.
கொப்புள நோய்க்கு. செம்பு மருந்து.
காத்தும் அந்தப் பக்கந்தான்."

நான் பேசவில்லை.

"ஏன், செத்துருச்சா?"
"எது?"
"நீ சாகடிக்கப் பாத்தது."
"செத்துருச்சு."
"பெறகென்ன?"
சிரித்தான். இருமினான். பிறகு
மீண்டும் சிரிக்க மறந்துவிட்டான்.

அடுத்த கிழமை
வாசிகசாலைக்குப் பின்னால், தேயிலை எட்டாத பள்ளத்தில்
அதே பூண்டைப் பறித்தேன்.
மூன்று தண்ணீரில் அலசினேன், நான்காவதிலும்.
பழைய சாற்றை இரசாயனப் பிரிவுக்கு அனுப்பினேன்.
செம்பு, என்று எழுதி வந்தது.
ஒற்றைச் சொல்,
அதன்கீழ் யாரோ நீட்டிய கையொப்பம்.

புதிய தட்டில் ஒன்பது மில்லிமீட்டர்.
வில்லையே ஆறு.
மிச்சம் பக்கத்துக்கு ஒன்றரை,
ஏறக்குறைய ஒரு நாணயக் குற்றியின் தடிப்பு.
அவ்வளவு தூரம்
இலை தனியாய் நின்று பிடித்திருக்கிறது.
ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது.
மருந்து என்றும் சொல்ல முடியாது.
ஒன்பது என்று எழுதினேன்.
இருபத்திரண்டை அடித்துவிடச் சொன்னார் சேர்.
ஒற்றைக் கோடு போட்டேன்,
கீழே இலக்கம் தெரியும்படி.

ஆனால் எட்டாம் நம்பர் மலையில்
கவ்வாத்துக் கத்தி பட்டதும்
காலடியில் கிடைத்த பூண்டைப் பறித்து
யாரும் நான்கு தண்ணீரில் அலசுவதில்லை.
வாயில் போட்டு மெல்கிறார்கள்.
சாறும் எச்சிலும் செவ்வாய்க்கிழமையும் சேர்த்து
காயத்தில் வைத்து அழுத்துகிறார்கள்.
ஆறுகிறது. பல தடவை ஆறியிருக்கிறது,
என் இடது பெருவிரலிலும்.

ஆற்றியது எது,
விழுங்கியது எவ்வளவு,
இரண்டுக்கும் என் அட்டவணையில் நிரல் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அதே கொண்டக்டர்.
மடியில் வெறும் பை.
"வெட்டு ஆறிருச்சா?" என்றான்.
மிச்சக் காசை எண்ணுவதுபோல் இருந்தேன்.